பாலையாவின் காது

தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடை என்றால், கால்நாட்டு அன்றைக்கே குழாய் ஸ்பீக்கர் வேப்பமரத்தில் ஏறிவிடும். காலையில் சீர்காழி, மாலையில் டி.எம்.எஸ். நடுவில், சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயரும் நேரத்தில், ரெக்கார்ட் செட்காரர் ‘திருவிளையாடல்’ கதை வசனத்தை ஓடவிடுவார். தருமியும் நக்கீரரும் ஊருக்கே மனப்பாடம். ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கொடையின்போது, திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதைக் கேட்ட வயதில் எனக்குப் பிடித்த குரல் தருமியுடையது அல்ல, சிவபெருமானுடையதும் அல்ல. பாண்டியன் சபைக்கு வந்து, எனக்கு எதிராகப் பாட இங்கே யார் இருக்கிறார்கள் என்று தோரணை காட்டுகிற ஹேமநாத பாகவதரின் குரல். கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த சொல்லை ரப்பராக இழுப்பார். முகம் தெரியாமலே அந்த மனிதரின் கழுத்து எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று தெரிந்தது.

முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். டி.எஸ்.பாலையா. அவர் எங்கள் பக்கத்துக்காரர் என்பது தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று.

ஆதிச்சநல்லூர் என்றால் படித்தவர்களுக்கு முதுமக்கள் தாழிதான். 1876இல் ஜெர்மானியர் யாகோர் வந்து பரம்பைத் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியா தோண்டி, பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலமும் இரும்பும் எடுத்தார். அவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004இல் மறுபடி தோண்டினார்கள். 2023இல் கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகள் தெரிகிற தள அருங்காட்சியகமும் வந்துவிட்டது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தியவர்களை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிற மாவட்டத்தில், 1914 ஆகஸ்ட் 23 அன்று சுண்டங்கோட்டையில் பிறந்த பாலையாவின் ஊரைக் கேட்டால் பலர் மதுரை என்பார்கள், சிலர் தஞ்சாவூர் என்பார்கள். அப்போது இது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான்.

இதே மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். பாலையா சுவாமிகளிடம் பாடம் கேட்டவர் அல்ல. சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தபோது இவருக்கு எட்டு வயது. ஆனால் சுவாமிகள் போட்டுவைத்த பாதையில்தான் அந்தத் தலைமுறை நடிகர்கள் எல்லோரும் நடந்தார்கள். பெரியவர்களை வைத்து நாடகம் நடத்துவது தலைவலி: ஒருவர் குடித்துவிட்டு வருவார், ஒருவர் வரவே மாட்டார், வந்தவர் மேடையில் தன் இஷ்டத்துக்கு வசனம் பேசுவார். அதனால் பையன்களைச் சேர்த்து, ஒரே வீட்டில் தங்கவைத்து, சோறு போட்டு, வாத்தியார் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து நாடகம் நடத்தினார்கள். 1918இல் மதுரையில் சுவாமிகள் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா அப்படிப்பட்டது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்.

அந்த உலகத்தில் நடிகனுக்குப் பெயரைவிடப் ‘பார்ட்’ முக்கியம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். மகரக்கட்டு உடைகிற வரைக்கும் ஒரு பையனின் எதிர்காலம் யாருக்கும் தெரியாது. குரல் உடைந்த பிறகும் சாரீரம் நின்றால் ராஜபார்ட். நிற்காவிட்டால் கள்ளபார்ட்டுக்கோ பபூனுக்கோ போக வேண்டியதுதான். தமிழ் சினிமாவின் முதல் முப்பது ஆண்டுகளில் நாம் பார்த்த வில்லன்களும் சிரிப்பு நடிகர்களும் பெரும்பாலும் குரல் உடைந்த பையன்கள் என்று சொன்னால் அதிகம் மிகையில்லை.

இதில் ஒரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. ராஜபார்ட் பாட ஆரம்பித்தால் சும்மா விடமாட்டார்கள். ஒன்ஸ்மோர் கேட்பார்கள். கால் மணி நேரம் பாட்டு நடக்கும். அவ்வளவு நேரமும் மேடையில் கூட நிற்கிற கள்ளபார்ட் என்ன செய்வான்? திரும்பி நிற்க முடியாது, உட்கார முடியாது. கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கேட்பதையும் கடைசி வரிசைக்குத் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும். பாலையாவின் முழுக் கலையும் இங்கேதான் தொடங்கியது என்பது என் ஊகம். பேசுகிற நடிகர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். கேட்கத் தெரிந்த நடிகர் அவர்.

1936இல் வந்த ‘சதிலீலாவதி’தான் அவருக்கு முதல் படம். அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கியது, கதை எஸ்.எஸ்.வாசன். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் அதுவே முதல் படம் என்பதால் சினிமாச் சரித்திரத்தில் அதற்குத் தனி இடம். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது சிறிய இன்ஸ்பெக்டர் வேஷம். பாலையாவுக்கு ராமநாதன். கதாநாயகன் எம்.கே.ராதாவைக் குடிப் பழக்கத்துக்கு இழுத்து, குடும்பத்தைக் கெடுத்து, அவர் மனைவி மீதே கண் வைக்கிற நண்பன். அப்போது பாலையாவுக்கு வயது இருபத்தொன்று. இருபத்தொரு வயதில் ஒருவன் காதலனாக நடிக்க ஆசைப்படுவான். இவருக்கு வந்து சேர்ந்தது, அடுத்தவன் வாழ்க்கையைக் கெடுக்கிற நடுவயதுக் குயுக்தி.

அடுத்த ஆண்டே ‘அம்பிகாபதி’. அதுவும் டங்கன். எம்.கே.தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாகப் பாட, பாலையா ருத்ரசேனனாக எதிரே நின்றார். அன்றைய படங்களில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. பாகவதர் படத்தில் கேட்கவே வேண்டாம். பாகவதர் பாடும்போது திரையரங்கில் ஊசி விழுந்தால் கேட்குமாம். அந்த நிசப்தத்தில் ஒரு வில்லன் தன்னையும் கவனிக்க வைக்க வேண்டுமானால் கண்ணாலும் உதட்டாலும்தான் முடியும். 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. ஓட்டாஞ்சில்லைப் பார்த்துத் தாழியின் வடிவத்தை ஊகிப்பதுபோல் ஸ்டில்லையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு கணக்கு எனக்கு எப்போதும் வியப்பு. ‘சதிலீலாவதி’க்கு இருபது வருடம் கழித்து, 1956இல், ‘மதுரை வீரன்’. இன்ஸ்பெக்டராக வந்து போன எம்.ஜி.ஆர். இப்போது ஊரே கொண்டாடும் வீரன். பாலையா நரசப்பன், அதாவது இன்னமும் வில்லன். நடுவில் ஒரு தலைமுறை நட்சத்திரங்களே மாறிவிட்டார்கள். பாகவதர் சிறைக்குப் போய்த் திரும்பி, பழைய இடத்தைப் பிடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். சிவாஜி வந்தார். பாலையா மட்டும் அதே வாசலில், வேறு வேறு மீசையோடு நின்றார்.

அதே மீசை என்று சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. பி.எஸ்.வீரப்பா என்றால் சிரிப்பு. நம்பியார் என்றால் கையைப் பிசைவது. இரண்டும் மிமிக்ரிக்காரர்களுக்கு அள்ளிக்கொள்ளக் கிடைத்த சொத்து. பாலையாவுக்கு அப்படி ஒற்றை முத்திரை கிடையாது. 1949இல் ‘வேலைக்காரி’யைப் பாருங்கள். அண்ணாவின் கதை, ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கம். தந்தையைத் தற்கொலைக்குத் தள்ளிய வேதாசல முதலியாரைப் பழிவாங்கத் துடிக்கிறான் ஆனந்தன், அது கே.ஆர்.ராமசாமி. அவனைத் தடுத்து நிறுத்தி, ஆயுதத்தை விட மூளை பெரிது என்று சொல்லித் திட்டம் போட்டுத் தருகிற நண்பன் மணிதான் பாலையா. தி.மு.க. பிறந்த அதே ஆண்டில், அந்த இயக்கத்தின் வாதத்தைத் திரையில் நிதானமாக எடுத்துச் சொன்ன முகம், பதின்மூன்று வருடமாகக் குடி கெடுத்துக்கொண்டிருந்த முகம். ‘சதிலீலாவதி’யிலும் நண்பனுக்கு யோசனை சொன்னவர், இதிலும் நண்பனுக்கு யோசனை சொல்கிறவர். அதே தாழ்ந்த குரல், அதே நெருக்கம். நச்சை எடுத்துவிட்டு மருந்தை வைத்தால் போதும் என்று சாமிக்குத் தெரிந்திருக்கிறது.

‘தூக்குத் தூக்கி’ (1954) வேறு ரகம். சிவாஜி இளவரசர், லலிதா அவர் மனைவி, அவளை வளைத்துப் போடுகிற வடக்கத்திச் சேட்டாகப் பாலையா. நம்பள், நிம்பள் என்று தமிழைக் கடித்துத் துப்புகிற சேட் அந்தக் கால மேடைக்குப் பழகிய உருப்படிதான். மற்றவர்கள் அதைச் சிரிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். பாலையாவின் சேட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்போது, இந்த ஆள் ஒரு குடும்பத்தை அழித்துக்கொண்டிருக்கிறான் என்று திடீரென்று உறைக்கும். வில்லனும் பபூனும் ஒரே உடம்பில் இருப்பதை அவர் முதலில் தெளிவாகக் காட்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும், 1964 பிப்ரவரியில் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வராமல் இருந்திருந்தால் பாலையாவைப் பற்றி இவ்வளவு எழுத அவசியம் இருந்திருக்காது. சின்னமலை எஸ்டேட் விஸ்வநாதன். இரண்டு பெண்கள், ஒரு மகன். பெண்களைப் பணக்கார வீட்டில் கொடுக்க வேண்டும். மகன் செல்லப்பாவோ ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று போர்டு மாட்டிக்கொண்டு சினிமா எடுக்கப் பணம் கேட்கிறான். செல்லப்பா நாகேஷ்.

மகன் அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்கிற காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. எல்லோரும் அதை நாகேஷ் காட்சி என்பார்கள். ஒருமுறை நாகேஷை மறைத்துவிட்டுப் பார்க்க முயன்றேன். கையை வைத்துத் திரையில் பாதியை மறைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அமர்ந்திருப்பது ஒரு முதலாளி. உருப்படாத பிள்ளை என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான் என்கிற அலட்சியம் முகத்தில் இருக்கிறது. மகன் கதவு சத்தம் எழுப்புகிறான், காலடி வைக்கிறான், குரலை இறக்குகிறான். இவருக்கு வசனம் என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. முதலில் கண்மணி மட்டும் நகர்கிறது. பிறகு உதடு. அப்புறம் தோள்பட்டை மெல்லக் காதை நோக்கி ஏறுகிறது. நாகேஷ் அருகில் வந்து சத்தம் கொடுக்கும்போது அந்தப் பெரிய உடம்பு ஆறு வயதுப் பையனாகச் சுருங்கிப்போகிறது. பயத்தைக் காட்டுவது சுலபம். பயப்படுவது தெரியாமல் இருக்க ஒரு அப்பன் பாடுபடுகிறான், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றுப்போகிறது; அதைத்தான் அவர் செய்கிறார். நாகேஷின் ஒவ்வொரு சத்தமும் பாலையாவின் முகத்தில் போய் விழுந்த பிறகுதான் நமக்குக் கேட்கிறது. எதிரே அந்த முகம் இல்லாமல் இருந்திருந்தால், அது ஒரு கெட்டிக்காரப் பையனின் தனி நடிப்பாக முடிந்திருக்கும்.

அதே படத்தில் இன்னொரு இடம். எஸ்டேட்டில் வேலை பார்த்து விரட்டப்பட்ட அசோக் என்கிற இளைஞன் பெரிய கோடீஸ்வரரின் மகன் என்று விஸ்வநாதனை நம்பவைக்கிறார்கள். (கோடீஸ்வரர், ஒட்டுத் தாடியில் முத்துராமன்.) நேற்றுவரை ‘டேய்’ போட்டவனுக்கு இன்று மரியாதை கொடுக்க வேண்டும். விஸ்வநாதனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. அவன் பெயரோடு ஒரு ‘ர்’ சேர்க்கிறார், அசோகச் சக்கரவர்த்திபோல் ஆகிவிடுகிறது. அதுவும் பற்றாமல், ‘மகன்’ என்கிற சொல்லுக்கே ‘ர்’ விகுதி போட்டு ‘மகர்’ ஆக்கிவிடுகிறார். தமிழில் பணத்துக்கும் மரியாதை விகுதிக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியியலாளரும் சொன்னதில்லை. அந்த ‘ர்’ஐ அவர் உச்சரிக்கும்போது வாய் குவிந்து, முதுகு தானாக வளையும். வசனம் சித்ராலயா கோபு எழுதியது, உண்மைதான். ஆனால் எழுதப்பட்ட ‘ர்’ வேறு, அந்த முதுகு வேறு.

1966இல் ஸ்ரீதரே இதை இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தார். மெஹ்மூத் நாகேஷ் இடத்தில், ஓம் பிரகாஷ் பாலையா இடத்தில். இருவரும் தேர்ந்த நடிகர்கள். பேய்க் கதை அங்கேயும் பிரமாதமாக எடுபட்டது. பார்த்தவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். என் வோட்டு எங்கே என்று சொல்லத் தேவையில்லை.

‘காதலிக்க நேரமில்லை’க்கு மறுவருடம், 1965இல், ‘திருவிளையாடல்’. கொடையில் காதால் கேட்ட ஹேமநாத பாகவதரைத் திரையில் பார்த்தபோது கழுத்து நான் நினைத்ததைவிட நிமிர்ந்திருந்தது. குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது; ராகங்களின் பெயரையே சொல்லிச் சொல்லி ராகம் மாறுகிற கண்ணதாசன் பாட்டு, கே.வி.மகாதேவன் இசை. அந்தப் பாட்டுக்கு வாயசைப்பது சாதாரண வேலை இல்லை. பாலமுரளியின் குரல் வெண்ணெய். பாலையாவின் உடம்பு அப்படி அல்ல. அவர் செய்தது என்னவென்றால், குரலின் இனிமையை முகத்தில் கொண்டுவர முயலவே இல்லை. பாடுகிறவனின் கர்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். சங்கதி விழுகிற இடத்தில் புருவம் ஏறும். தொடையில் தாளம் விழும். பாடி முடிக்கிற சிரிப்பில் எதிராளி இல்லாத சபையை ஒரு சுற்று பார்ப்பார். குரல் இரவல் என்பது மறந்துபோகும்.

ஆனால் அந்தக் கதையின் உயிர், அவர் பாடுகிற இடத்தில் இல்லை. ராத்திரி விறகுவெட்டியாக வந்த சிவன், ஹேமநாதர் தங்கியிருக்கிற வீட்டுத் திண்ணையில் பாடுகிறார். ஹேமநாதர் கேட்கிறார். தன்னோடு போட்டியிட இருந்த பாண்டியன் சபைப் பாடகர் பாணபத்திரர் வேண்டாமென்று ஒதுக்கியவன் பாட்டே இப்படி என்றால் பாணபத்திரர் பாடினால் எப்படி இருக்கும் என்று புரிந்து, பொழுது விடிவதற்குள் ஊரைவிட்டுப் போகிறார். சபையில் ஒரு நாட்டையே பணயமாகக் கேட்ட மனிதர் கேட்டே தோற்கிறார். முப்பது வருடமாகப் பாட்டுக்கு எதிரே நின்று பழகிய நடிகருக்கு இதைவிடப் பொருத்தமான வேஷத்தை யாரும் தேடிக் கொடுத்திருக்க முடியாது. ஏ.பி.நாகராஜனும் நாடக மேடையிலிருந்து வந்தவர், தெரிந்துதான் கொடுத்திருப்பார்.

‘ஊட்டி வரை உறவு’, ‘பாமா விஜயம்’ இரண்டும் 1967. இரண்டாவது பாலச்சந்தர் படம். பக்கத்து வீட்டுக்குச் சினிமா நடிகை குடிவந்ததும் மூன்று மருமகள்களும் தகுதிக்கு மீறிச் செலவு செய்கிறார்கள். மாமனார் ஒரு சூழ்ச்சி செய்து புத்தி புகட்டுகிறார். ‘சதிலீலாவதி’ ராமநாதன் செய்த சூழ்ச்சியேதான். இப்போது குடும்பம் சேர்வதற்காக.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் அவர் தவில் வித்துவான் முத்துராக்கு. சிவாஜி நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரம். சிவாஜி வாசிப்பதுபோல் நடித்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தவில்காரரை யாரும் கவனிப்பதில்லை, கச்சேரியிலும் அப்படித்தான். வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி, கண் மட்டும் நாதஸ்வரக்காரர் முகத்தில். தவில்காரர் தொழிலில் பாதி, கேட்பது. நாயனம் அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சண்முகசுந்தரத்தின் கோபம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பாயும் என்று முத்துராக்கு பார்க்கிற பார்வையும் அதேதான். வாசிப்பு முடிந்த பிறகும் அவர் தவில்காரராகவே இருக்கிறார்.

ஒன்று கவனித்துப் பாருங்கள். ருத்ரசேனன், சேட், எஸ்டேட் முதலாளி, ஹேமநாத பாகவதர், மாமனார் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: மிடுக்கு. தான் பெரிய ஆள் என்கிற நம்பிக்கை. இளமையில் அந்த மிடுக்கைப் பார்த்துப் பயந்தோம். அதுவே சரியும்போது பிற்காலத்தில் சிரித்தோம். பாலையா வில்லன் வேஷத்தை விட்டுவிட்டுக் குணச்சித்திரத்துக்குப் போனார் என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எங்கும் போகவில்லை. அந்த ஆள் வயதாகி, பெண்களைப் பெற்று, பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். ‘குணச்சித்திரம்’ என்கிற சொல்லே நம் சினிமாவில் கதாநாயகனும் அல்லாத, வில்லனும் அல்லாத, காமெடியனும் அல்லாத மிச்சத்தைப் போட்டுவைக்கிற பரண். பாலையாவை அந்தப் பரணில் ஏற்ற முடியாது. அவர் மற்ற மூன்று அறையிலும் குடியிருந்தவர்.

இங்கிலாந்தில் இத்தகைய நடிகர்களுக்கு வாழ்நாள் நீளம். அங்கே ஊருக்கு ஊர் ரெப்பர்டரி கம்பெனிகள் இருந்தன; வாரத்துக்கொரு நாடகம் கூடப் போட்டார்கள். நம் பாய்ஸ் கம்பெனியைப் போலவே எந்த வேஷமும் எந்த நேரமும் கட்டத் தயாரான நடிகர்களை அவை உண்டாக்கின. பீட்டர் வாகன் என்றொருவர், 1923இல் பிறந்தவர், வுல்வர்ஹாம்ப்டன் ரெப்பர்டரியில் தொடங்கியவர். வாழ்நாள் முழுக்க அடியாள், கடத்தல்காரன், சிறைச்சாலைத் தாதா என்று மிரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்ணூறு வயதை ஒட்டி ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் கண் தெரியாத முதியவர் ஏமனாக வந்து உலகத்தை உருக்கினார். அவருக்கு அந்த இரண்டாம், மூன்றாம் வாழ்வைக் கொடுத்தது தொலைக்காட்சி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. பாலையா இறந்தது 1972 ஜூலை 22. ஐம்பத்தெட்டு நிறைய ஒரு மாதம் இருந்தது. மூன்று வருட வித்தியாசத்தில், நெருக்கத்தில் முகத்தை மட்டும் காட்டுகிற அந்தச் சின்னப் பெட்டியை, அதற்கென்றே பிறந்தவர் தவறவிட்டார்.

மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் 1975இல் ‘மேல்நாட்டு மருமகள்’ மூலம் நடிக்க வந்தார். ‘கரகாட்டக்காரன்’ முதல் ‘சாட்டை’ வரை அப்பாவைப்போலவே பக்கவாட்டில் நின்று நடித்தார். 2023 நவம்பரில் மறைந்தார்.

‘காதலிக்க நேரமில்லை’ ஏதாவது ஒரு சேனலில் எப்படியும் இந்த மாதத்துக்குள் வரும். பேய்க் கதை தொடங்கியதும் தயவுசெய்து நாகேஷைப் பார்க்காதீர்கள்.